பக்கத்துக் கட்டில் அம்மாள்

ஜூன் 4

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியது. நீயும் மகனும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். என்னைக் கேட்டால், இடது காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

இந்தக் கையெழுத்து எதிர்க்கட்டில்காரருடையது. கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயின்டர். உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து புண்ணாகி வந்து சேர்ந்திருக்கிறார். எழுத்து ஒவ்வொன்றும் தெருக்கோடியிலிருந்து படிக்கிற அளவுக்கு வருகிறது. தாள் தீருவதற்குள் விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு, ஆண்கள் வார்டு. உயரமான ஜன்னல்கள், இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள். என் கால் புண்ணைத்தான் உனக்குத் தெரியுமே. சாயப்பட்டறைத் தொட்டியில் ஆயுசு முழுக்க நின்ற கால். ஒருவர் சர்க்கரை என்றார், ஒருவர் நரம்பு என்றார், மருந்துக்கடைக்காரர் அவருக்குத் தோன்றியதையெல்லாம் களிம்பாகக் கொடுத்தார். இங்கே ஒரு சின்ன டாக்டரம்மா. நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் குடையை மறக்காதே என்று சொல்லி அனுப்புகிற வயசு. வந்தவள் புண்ணைப் பார்க்கவில்லை. கால் விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தாள்.

"புண்ணு மேல இருக்கும்மா. நீ கீழ பாக்குறியே?"

"திருடன் எந்த வழியா நுழைஞ்சான்னு பாக்குறேன் தாத்தா."

மொண்ணைக் கத்தி ஒன்றால் விரலிடுக்கைச் சுரண்டினாள். மாவு மாதிரி உதிர்ந்ததைக் கண்ணாடித் துண்டில் தட்டி, ஒரு சொட்டு விட்டாள். என்ன சொட்டு என்றேன். "காரத் தண்ணி. தோலைக் கரைச்சிடும். நான் தேடுறதைக் கரைக்காது" என்றாள். எனக்குக் கொடுத்த தேநீர் ஆறவில்லை, அதற்குள் பூதக்கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணை வைக்கச் சொன்னாள். தங்கச்சி, என் கால் அதற்குள் ஒரு தோட்டமாக இருக்கிறது! நூல் நூலாகக் கொடி, கொடியிலிருந்து கிளை, கிளையில் கணு. இத்தனை நாள் நான் செருப்புக்குள் போட்டு மிதித்துக்கொண்டு நடந்தது அதைத்தான். அந்த வெடிப்பு வழியாகத்தான் மற்ற விஷமெல்லாம் ஏறியதாம். வாசலை அடைத்தால் புண் ஆறும் என்கிறாள்.

இன்னொருமுறை, இன்னொருமுறை என்று கண்ணை வைத்துப் பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடித்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். பெயின்டர் சாட்சி.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அண்ணன்

&nbsp;

ஜூன் 19

அண்ணனுக்குத் தங்கை சொல்ல, மருமகள் எழுதுவது. எல்லாரும் நலம். உங்கள் புண் கொஞ்சமாவது காய்ந்ததா? காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்றால், வாய் நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு சந்தோஷச் செய்தி. மருமகள் முழுகாமல் இருக்கிறாள். அக்டோபர் கடைசியில் இருக்கும் என்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவள் எழுதமாட்டேன் என்று வெட்கப்பட்டாள். எழுதடி, உன் பெரியப்பாதானே என்றேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீரில் தெரிந்துபோகிறதா! அப்படித் தெரிந்த பிறகு அந்த வார்டில் யாரையாவது தனியாகக் கொண்டுபோய் வைக்கிறார்களா? வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

தையல் கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டேன். கண் முன்போல இல்லை. போன வாரம் இஸ்திரிப் பெட்டி முன்கையில் பட்டு நன்றாகவே சுட்டுவிட்டது. தோல் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். வேறு விசேஷம் இல்லை.

காலை உயர்த்தி வைத்துப் படுங்கள்.

தங்கை

&nbsp;

ஜூன் 27

தங்கச்சிக்கு அண்ணன். உன் கடிதத்தைப் பெயின்டர் உரக்கப் படித்தார். மருமகள் செய்தி வந்த இடத்தில் வார்டு முழுக்கக் கை தட்டியது. பத்துப் பேருக்குச் சொறி, ஆனாலும் தட்டினார்கள். அவளை நன்றாகச் சாப்பிடச் சொல். கடிதத்தில் நீ என்னை 'நீங்கள்' என்கிறாய். பிறந்ததிலிருந்து நீ எனக்குக் கொடுக்காத மரியாதை. மருமகள் கைச்சரக்கு என்று நினைக்கிறேன்.

என் விரலிடுக்கை இருட்டறையில் வைத்து ஒரு ஊதா விளக்கைக் காட்டினார்கள். வெளிச்சத்தில் வெறும் அழுக்குத் தோல், அந்த விளக்கில் பவளச் சிவப்பாக ஒளிவிட்டது. கொடியோடு இன்னொரு கிருமியும் குடியிருக்கிறதாம், அதன் நிறமாம் அது. சிவப்பு என்றால் எனக்குத் தெரியாத சிவப்பு உண்டா? அன்றைக்குக் கண்டேன். எவரும் கலக்காத சாயம், என் காலில் தானாக ஊறிக்கொண்டிருக்கிறது.

பெயின்டர் கதையைக் கேள். அவருக்கு இரத்தம் கெட்டது என்று மாதக்கணக்கில் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா அவர் சட்டைப்பையிலிருந்த மசிப்பேனாவையே வாங்கினாள். மணிக்கட்டில் மசியைத் தேய்த்தாள், ஈரப் பஞ்சால் துடைத்தாள். எல்லாம் போய்விட்டது, கோணலாக ஒரு சின்னக் கோடு மட்டும் போகவில்லை. "தோலுக்குள்ள ஒருத்தி சுரங்கம் வெட்டியிருக்கா. மசி அதுக்குள்ள இறங்கிடுச்சு" என்றாள். ஊசி முனையால் கோட்டின் கோடியைக் கிளறி எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். எட்டுக் காலோடு ஒரு உயிர், நடக்கிறது! பெயின்டர் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் நான் போர்டு எழுதுறேன். எனக்குள்ள இருந்து இவ எழுதியிருக்கா" என்றார். வீட்டில் எல்லாருமாக மருந்து பூசிக்கொண்டால் போதுமாம், வேறொன்றும் இல்லையாம்.

நீ கேட்டதற்குப் பதில்: இங்கே யாரையும் ஒதுக்கி வைக்கவில்லை. எல்லாரும் ஒரே பீப்பாயில்தான் தண்ணீர் மொண்டு குடிக்கிறோம்.

இஸ்திரிப் பெட்டி விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. சுட்டது எப்படித் தெரியாமல் போகும்? சின்ன வயசில் தீக்குச்சி கிட்டே வந்தாலே அலறுவாயே. எந்தக் கை? விவரமாக எழுது.

அண்ணன்

&nbsp;

ஜூலை 24

அண்ணனுக்குத் தங்கை. பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். வீட்டில் வேலை. உங்கள் கால் நல்லபடியாக ஆறட்டும்.

தீப்புண் ஆறிவிட்டது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

குழந்தை வருவதற்குள் நான் வேறிடம் போய்விடலாமென்று இருக்கிறேன். துணையில்லாத பெண்கள் தங்குகிற விடுதி ஒன்று இருக்கிறதாம், விசாரித்தேன். வீடு சின்னது, குழந்தைக்கு இடம் வேண்டும். மகனுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் எழுதிக் கெடுக்க வேண்டாம். எனக்கு யார் மேலும் வருத்தமில்லை.

இங்கே வெயில் கொளுத்துகிறது. எல்லாரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் முழுக்கை ரவிக்கைதான் போட்டுக்கொள்கிறேன். தேநீர்க் குவளை இரண்டு முறை கையிலிருந்து நழுவிவிட்டது.

தங்கை

&nbsp;

ஜூலை 29

தங்கச்சி, இன்றைக்கு வளைத்துப் பேசமாட்டேன். சுகம் விசாரிக்கவும் மாட்டேன். உன் சுகத்தைப் பற்றித்தான் கடிதமே.

நம் அத்தையை நினைவிருக்கிறதா? அப்பாவின் அக்கா. உனக்குப் பால்பல் விழாத வயசு, எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கொதிக்கிற பானையை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்குவாள். துணி எடுடி என்று அம்மா கத்துவாள். சுற்றி நின்றவர்கள் என்ன தைரியம், என்ன நெஞ்சழுத்தம் என்று மெச்சினார்கள். அத்தையும் சிரித்தாள். அது தைரியம் இல்லை, பெருநோய், குஷ்டம் என்று தெரிந்த பிறகு அவளை விறகுக் கொட்டகையில் வைத்தார்கள். தட்டைக் கழியால் தள்ளினார்கள். ஒருநாள் அவள் உன் தலையைத் தொடக் கை நீட்டினாள். அம்மா உன்னை இழுத்த இழுப்பில் உன் தோள் பிசகிவிட்டது. நீ அழுதது வலிக்காக மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். நீ கொட்டகையையே பார்த்துக்கொண்டு அழுதாய்.

சூடு தெரியவில்லை. ஊசி வேலையை விட்டாய். குவளை நழுவுகிறது. வெயிலில் முழுக்கை போடுகிறாய். இப்போது குழந்தை வருவதற்குள் ஓடப் பார்க்கிறாய். நீ விடுதிக்குப் போகவில்லை, கொட்டகைக்குப் போகிறாய். யாரும் தள்ளுவதற்கு முன்னால் நீயே போகிறாய்.

டாக்டரம்மாவிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். "இப்போ அது மாத்திரையில தீர்ற நோய் தாத்தா. ஆரம்பிச்சுட்டா வீட்டுல யாருக்கும் பரவாது. ஆனா செத்த நரம்பு திரும்புறது கஷ்டம். சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றாள். யாரை என்று அவள் கேட்கவில்லை.

இங்கேயே நிறுத்தச் சொன்னேன், பெயின்டர் நான் சொல்வதையெல்லாம் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார். இதை அனுப்பினால் உனக்குப் படித்துக் காட்டப்போகிறவள் மருமகள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள். வாசிக்கிற வாயாலேயே அவள் உன்னை அனுப்பிவிட்டால்? உறையில் போட வேண்டாம், கிழித்துவிடுங்கள் என்றேன். "எழுதினதுல மனசு கொஞ்சம் ஆறிச்சா பெரியவரே?" என்றார் பெயின்டர். ஆறவில்லை என்றேன். கிழிக்கமாட்டேன், என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.

&nbsp;

ஜூலை 30

தங்கச்சிக்கு அண்ணன். வீட்டில் அனைவரும் சுகமா? மருமகள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? என் புண் சிவந்து நல்ல சதை வைக்கிறது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுப் போடப்போகிறார்கள். ரொம்ப அதிசயமாக இருக்கிறது, நம் உடம்பிலேயே நாம் கிழிசல் தைத்துக்கொள்கிறோம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் இருந்தாள். உன் வயசுதான். கையில் வெளுத்த படை ஒன்று. அரிக்காது, வலிக்காது. அதனாலேயே யாருக்கும் காட்டவில்லை. டாக்டரம்மா கத்தியும் எடுக்கவில்லை, ஊசியும் எடுக்கவில்லை. கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனியைத் திரியாகத் திரித்தாள். "கண்ணை மூடிக்கோங்க. நான் தொடுற இடத்தை விரலால தொட்டுக் காட்டுங்க" என்றாள். அவ்வளவுதான் சோதனை! நெற்றியில் தொட்டாள், அம்மாள் காட்டினாள். புறங்கையில் தொட்டாள், காட்டினாள். படையில் தொட்டாள், அம்மாள் சும்மா இருந்தாள். மூச்சுக் காற்றுக்குப் பறக்கிற பஞ்சு, நோயைக் காட்டிக் கொடுத்துவிட்டது. நான் அசந்துபோனேன்.

மாத்திரை கொடுத்தார்கள். அந்த அம்மாள் வீட்டுக்கே போய்விட்டாள். தட்டைத் தனியாக வைக்க வேண்டாம், படுக்கையைத் தனியாகப் போட வேண்டாம், பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டரம்மா என் காது கேட்கச் சொன்னாள்.

இதைத் தனியாகச் செய்துகொள்ள முடியாது. இன்னொருவர் தொட வேண்டும். பொழுது போகாவிட்டால் யாரையாவது தொடச் சொல்லி விளையாடிப் பாரேன். விடுதிக்குப் போவதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், அவசரப்படாதே.

அண்ணன்

&nbsp;

ஆகஸ்ட் 8

அண்ணனுக்குத் தங்கை. இங்கே எல்லாரும் நலம். உங்கள் நலத்தைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது.

ஆண்கள் வார்டு என்று முதல் கடிதத்தில் நீங்கள்தான் எழுதச் சொன்னீர்கள். ஆண்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு அம்மாள் எங்கிருந்து வந்தாள்? உன் வயசு என்கிறீர்கள், நெற்றி என்கிறீர்கள், புறங்கை என்கிறீர்கள், அவள் வீட்டுக்குப் போன பிறகு பேரப்பிள்ளையைத் தூக்குகிற வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறீர்கள். புண் காலோடு இருக்கும்போதே இந்த ஆட்டம் என்றால், தோல் ஒட்டுப் போட்ட பிறகு என்னவாகுமோ! அண்ணி இருந்திருந்தால் இன்னொரு காலும் கட்டுப் போட்டிருக்கும்.

மருமகள் படிக்கும்போது சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

விளையாட எனக்கு நேரமில்லை. விடுதியில் இடம் காலியாகிறதாம், சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 20

பெரியப்பா அவர்களுக்கு வணக்கம். ஒட்டுப் போட்ட கால் எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் அத்தை சொல்லி எழுதுவதில்லை. நானே எழுதுகிறேன். மத்தியானம், அத்தை எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதலில் ஒரு விஷயம். இஸ்திரிப் பெட்டி சுட்டது, முழுக்கை ரவிக்கை, குவளை நழுவியது, இவற்றை அத்தை எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். படித்துக் காட்டும்போது விட்டுவிட்டுப் படித்தேன். உங்கள் பதிலில் சூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் படித்ததும் அத்தை என்னைப் பார்த்த பார்வை! "நான் சொன்னேனா?" என்றார்கள். "சொன்னீங்க, மறந்துட்டீங்க" என்றேன். யாராவது கேட்க வேண்டும், பெரியப்பா. மருமகள் கேட்டால் அது துரத்துவதாகிவிடும். அண்ணன் கேட்டால் அக்கறை.

பக்கத்துக் கட்டில் அம்மாளைப் படித்து நானும் சிரித்தேன். பதில் எழுதி ஒட்டிய பிறகுதான் உறைத்தது. ஆண்கள் வார்டில் பெண் இருக்க முடியாது. அப்படியானால் அந்த அம்மாள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

நேற்று, "பெரியப்பாவோட சிநேகிதி விளையாடின விளையாட்டை நாமளும் ஆடுவோம்" என்று தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்தேன். அத்தை மாட்டேன் என்றார்கள். முதலில் நானே கண்ணை மூடினேன். அத்தை என் மூக்கில் தொட்டு, காதில் தொட்டு, தும்ம வைத்தார்கள். பிறகு அவர்கள் முறை. நெற்றியில் தொட்டேன். "இங்க." கன்னம். "இங்க. இதென்னடி பெரிய சோதனை?" கழுத்து. "கூசுது, எடுடி." சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ரவிக்கைக் கையை மெதுவாக மேலே தள்ளினேன். தடுக்கவில்லை. முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த படை, அதன் ஓரத்தில் தீப்புண் தழும்பு. பஞ்சை அதன்மேல் வைத்தேன். எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தேன்.

"என்னடி, ஆட்டம் முடிஞ்சுதா? பஞ்சு தீந்துபோச்சா?" என்று கேட்டார்கள்.

அத்தை கண்ணைத் திறந்தார்கள். கையில் பஞ்சு இருப்பதைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, பெரியப்பா. அவ்வளவு லேசான ஒன்று இவ்வளவு பெரியதைச் சொல்லும் என்று நான் நினைக்கவே இல்லை.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"கை சுட்ட அன்னைக்கு."

"தெரிஞ்சுமா எங்கூட உக்காந்து சாப்பிட்டே? வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு?"

"நீங்கதானே சமைக்கிறீங்க. உங்க பக்கத்துல உக்காராம வேற எங்க உக்காருவேன்?"

அத்தை அழுதார்கள். நான் என்ன செய்ய வேண்டும், எங்கே கூட்டிப்போக வேண்டும், சொல்லுங்கள்.

உங்கள் மகள் முறை

&nbsp;

ஆகஸ்ட் 26

மகளே, உனக்குப் பெரியப்பா. நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். ஒட்டுப் போட்ட தோல் பிடித்துவிட்டது. அது பெரிய விஷயமில்லை இப்போது.

உனக்குத் தெரியாமல் இருக்கத்தான் நான் ஒரு அம்மாளைப் படைத்தேன். எனக்குத் தெரியட்டும் என்று நீ கடிதத்துக்குள் வரிகளைச் செருகினாய். பெயின்டர் உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உங்க தங்கச்சியம்மாதான் ஒண்ணும் தெரியாம சும்மா இருந்திருக்காங்க" என்றார். அவருக்கு உடம்பு தேறிவிட்டது. வார்டுக் கதவுகளுக்கெல்லாம் எண் எழுதுகிற வேலையை ஆஸ்பத்திரியே கொடுத்திருக்கிறது. எனக்கு எழுதத் தினமும் வந்துவிடுகிறார்.

உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போ. பயப்படாதே. முழங்கை முட்டிக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்ப்பார்கள். காது மடலைக் கிள்ளிப் பிடித்துக் கீறி, கசிகிற நீரைக் கண்ணாடியில் தடவுவார்கள். அதற்கு மேல்தான் முக்கியமான சங்கதி. டாக்டரம்மா பாடத்துக்கென்று வைத்திருக்கிற பழைய கண்ணாடித் துண்டு ஒன்றை எனக்குக் காட்டினாள். முதலில் சிவப்புச் சாயம் ஏற்றுவார்களாம். பிறகு அமிலத்தை ஊற்றிக் கழுவுவார்களாம். அமிலம் பட்டால் எந்தச் சாயமும் நிற்காது மகளே, அதை நான் சொல்ல வேண்டும். கண்ணை வைத்துப் பார்த்தேன். எல்லாம் வெளுத்து, கடைசியாக மேலே ஏற்றிய நீலச் சாயத்தில் கிடக்கிறது. நடுவில் மெல்லிய குச்சிகள் மட்டும் சிவப்பு. அமிலத்துக்கே அசையாத சிவப்பு. அப்படி ஒரு சாயத்துக்காகத்தான் நாங்களெல்லாம் தொட்டியில் நின்று கால் அழுகினோம். அது, அந்தக் காலத்தில் எங்கள் அப்பாவின் அக்காவை விறகுக் கொட்டகைக்கு அனுப்பிய கிருமிக்குள் இருந்திருக்கிறது.

"இவ்வளவு வீம்பு பிடிச்சது மாத்திரைக்குச் சாகுமாம்மா?" என்று கேட்டேன்.

"சாகும் தாத்தா. முதல் மாசத்துலயே முக்காலும் போயிடும்."

நான் திரும்பவும் கண்ணை வைத்துப் பார்த்தேன். எத்தனை பேரை வீட்டை விட்டுத் துரத்தியது! கண்ணுக்குத் தெரியாத குச்சி. மாத்திரைக்குச் சாகிற குச்சி.

நீயும் உன் வீட்டுக்காரனும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள், அது வழக்கமாம். விடுதிக்காரர்களுக்கு என்ன சொல்வதென்று நீயே பார்த்துக்கொள். நீ சொல்லத் தெரிந்தவள்.

பெரியப்பா

&nbsp;

செப்டம்பர் 15

பெரியப்பாவுக்கு வணக்கம். நான் நலம், உள்ளே இருப்பதும் உதைத்துக்கொண்டு நலமாக இருக்கிறது. நீங்கள் கம்பு ஊன்றி நடப்பதாகக் கேள்விப்பட்டோம்.

கூட்டிப்போய் வந்தேன். நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. ஆனால் அத்தை காது மடலைக் கீறியதைக் கவனிக்கவே இல்லை. அங்கிருந்த டாக்டர் உறை போடாமல் வெறுங்கையால் அத்தையின் கையைப் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தார். அந்தக் கையையேதான் அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நரம்பு கம்பி மாதிரி தடிச்சிருக்கும்மா, இருந்தாலும் நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். கண்ணாடியில் ஓரிரண்டு சிவப்புக் குச்சிகள் தெரிந்ததாம். மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். என்னையும் பார்த்தார்கள், பின்னால் ஒருநாள் உங்கள் மருமகனும் காட்டிக்கொண்டார், எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை.

அத்தையோடு போய் வந்த அன்றைக்கு, வீட்டுக்கு வந்ததும் உங்கள் மருமகனிடம் நான்தான் சொன்னேன். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே தப்பாகப் போய்விட்டது. அத்தை எழுந்து தன் தட்டு, குவளை, பாய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பின்னாலிருக்கும் சாமான் அறைக்குப் போய்விட்டார்கள். டாக்டர் வேண்டாமென்று சொன்னதைச் சொன்னேன். "எனக்குத் தெரியும். ஆனா இருக்கட்டும்" என்றார்கள்.

நானும் என் பாயை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் போட்டேன்.

"இங்க ஏண்டி வந்தே? புழுக்கமா இருக்கு."

"எனக்கும் புழுக்கமாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

இரண்டு நாள் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள் உங்கள் மருமகன் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு வந்து சாமான் அறையில் மாட்டினார். பிறகு தன் பாயையும் கொண்டுவந்தார். கால் நீட்ட இடமில்லை. அத்தை கத்தினார்கள். "மூணு பேரும் இங்க கிடந்தா கூடம் யாருக்கு? பூனைக்கா?" அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் கூடத்துக்குத் திரும்பினோம். மின்விசிறி மட்டும் இன்னும் சாமான் அறையில்தான் இருக்கிறது. கழற்ற அவருக்குச் சோம்பல்.

உங்கள் மகள்

&nbsp;

ஜனவரி 17

அண்ணா, நான்தான். இவளிடம் 'நீங்கள்' போட்டால் கடிதத்தைக் கிழித்துவிடுவேன் என்று சொல்லி எழுதச் சொல்கிறேன். எப்படி இருக்கிறாய்? கால் இரண்டும் தரையில் இருக்கிறதா? கால்விரலுக்குப் பவுடர் போடாமல் விடாதே.

பேரன் பிறந்து, தலை நின்று, சிரிக்கத் தொடங்கிவிட்டான். என் மாத்திரை விடாமல் நடக்கிறது. உடம்பு கொஞ்சம் கறுத்திருக்கிறது, மருந்தால் அப்படித்தானாம், போய்விடுமாம். இவள் தினமும் காலையில் என் கை இரண்டையும் விரித்துப் பார்த்து, சுட்டதா வெட்டியதா என்று போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறாள். அடுப்புப் பக்கம் போனால் துணியை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். செத்த இடம் முழுக்கத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை.

இன்றைக்கு இதைச் சொல்லத்தான் எழுதச் சொன்னேன். பேரனுக்குப் பால் கொடுத்துவிட்டு இவள் குளிக்கப் போனாள். அவனை என் மடியில் போட்டிருந்தேன். அவன் தலை என் முன்கையில் இருந்தது, அந்தக் கையில்தான். நான் ஜன்னல் வழியே தெருவில் போகிற ஆளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் எறும்பு ஊர்ந்தது. படையின் ஓரத்தில், தழும்புக்குக் கொஞ்சம் மேலே. தட்டிவிடக் கையை ஓங்கிவிட்டேன், அண்ணா.

எறும்பு இல்லை. அவன் விரல்.

தங்கை